உம்மா தந்த வளவு

கல்முனையிலிருந்து மருதமுனைக்குப் போயிருந்தேன். கைத்தறிக்குப் பெயர்பெற்ற ஊர். 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். கண்டி மன்னன் செனரத் அவர்களில் ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான். இந்தக் கரையும் அன்று மட்டக்களப்பைச் சேர்ந்ததுதான்.

இங்கே தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் குடி தாய்வழியே வரும். வீடு மகளுக்குச் சீதனம். வந்தவர்கள் வேரூன்றியது பெண்களின் வளவுகளில்தான்.

2004 சுனாமிக்குப் பின் கிடைத்த வீடுகள் பல கணவன் பெயரில் பதிவாகின.

"உம்மா தந்த வளவு கடலோட போயிட்டு மகள். புது வீட்டுல என்ட பேரே இல்ல" என்றார் ஒரு தாய்.

சகோதரிகளே, இன்றே உங்கள் வீட்டு உறுதியை எடுத்துப் பாருங்கள். அதில் யார் பெயர் இருக்கிறது?