குலோடன் பொட்டல்

அப்பாவுக்கு ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸில் டாக்டர் வேலை. எனக்கு அப்போது எட்டு வயது. ஞாயிற்றுக்கிழமை வெயில் தலைகாட்டினால் போதும், அம்மா எலுமிச்சை சாதம் கிளறி டப்பாவில் அடைத்துவிடுவாள். ஊருக்குக் கிழக்கே ஐந்து மைலில் குலோடன். ஹெதர் புதர் மண்டிய பொட்டல். ஓடினால் புதர் முழங்காலைப் பிராண்டும். சதுப்பில் ஷூ சளக்கென்று இறங்கும்.

ஒருநாள் ஓடிக் களைத்து ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"இறங்கு கண்ணு. அது சமாதி."

முரட்டுக் கல். பாசிக்கு அடியில் ஏதோ ஒரு குலத்தின் பெயர். அதையொட்டி நீளமாகப் புடைத்த புல்மேடு. இன்னொரு கல்லில் 'கலந்த குலங்கள்' என்று மட்டும் வெட்டியிருந்தது. யார் எவரென்று பிரித்தறிய முடியாமல் சேர்த்துப் புதைத்தவர்கள் என்றார் அப்பா.

சாப்பிடும்போது கதை தொடங்கியது. 1746 ஏப்ரல் 16. ஸ்டூவர்ட் வம்சத்துக்கு அரியணையை மீட்க ஹைலாந்து மலைக் குலங்களோடு வந்த இளவரசர் சார்லஸ் ஒரு பக்கம். அரசுப் படையோடு கம்பர்லாண்ட் கோமகன் மறுபக்கம். இருவருக்கும் வயது 25. முந்தைய நாள் கோமகனின் பிறந்தநாள். கொண்டாடிக் களைத்திருப்பார்கள், இருட்டிலேயே தாக்கிவிடலாம் என்று சார்லஸின் ஆட்கள் நேர்ன் ஊரை நோக்கி நடந்தார்கள். போய்ச் சேருவதற்குள் விடியப்போகிறது என்று தெரிந்து திரும்பிவிட்டார்கள். முதல்நாள் முழுக்க ஆளுக்கு ஒரு பிஸ்கட்தான் சாப்பாடு.

"ஒண்ணே ஒண்ணா?" என்று கேட்டுவிட்டு என் கையிலிருந்த சோற்றைப் பார்த்தேன்.

தூக்கமில்லை, பசி, முகத்தில் ஆலங்கட்டிச் சாரல், எதிரே பீரங்கி. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சார்லஸ் பக்கம் சுமார் 1,500 பேர் செத்தார்கள். அரசுப் பக்கம் ஏறக்குறைய 50. காயம்பட்டுக் கிடந்தவர்களையும் அரசுப் படையினர் குத்திக் கொன்றார்கள் என்று சொன்னபோது அப்பாவின் குரல் மாறியது. "விழுந்து கிடக்கிறவன் எந்தப் பக்கமா இருந்தா என்ன? முதல்ல தூக்கணும்ல?" டப்பாவை மூடிவிட்டார்.

"இங்கிலீஷ்காரங்கதானே அப்பா?"

"அந்தப் படையிலயும் ஸ்காட்லாந்துக்காரங்க இருந்தாங்க. காம்ப்பெல் குலத்து ஆளுங்க இருந்தாங்க."

பள்ளிக்கூட மைதானத்தில் நாங்கள் கட்சி பிரித்து விளையாடிய சண்டையில், இரு பக்கமும் ஸ்காட்லாந்துக்காரர்கள் இருந்தது கிடையாது. மறுநாள் சொன்னேன், எவரும் கேட்கவில்லை.

தோற்றபின் குலத்தலைவர்களின் பரம்பரை அதிகாரம் பறிபோனது. ஹைலாந்து ஆண்கள் தங்கள் உடையை உடுத்தத் தடை வந்தது, 1782-ல்தான் நீங்கியது. நான் உட்கார்ந்த அந்தக் கல்லை நட்டதே 1881-ல். அதுவரை 135 வருடம் வெறும் புல்மேடுதான் அடையாளம்.

இன்வெர்னஸ் பக்கம் போகிறவர்கள் அந்த மேடுகளைச் சுற்றி நடங்கள். மேலே கால் வைக்காதீர்கள்.