உயரமான வாகனமும் நம் பொறுப்பும்

பெங்களூர் வீதிகளில் எஸ்.யூ.வி. ஓட்டுகிறவன் என்ற முறையில், அதன் குணதோஷங்களை நண்பர்களுக்குச் சொல்வது என் கடமையென்று நினைக்கிறேன்.

பெருமழை ஓய்ந்த மாலையில், வெளிவட்டச் சாலையில் பள்ளம் எது, மேடு எது என்று தெரியாதபடி நீர் தேங்கி நிற்கையில், தரையிலிருந்து ஏறக்குறைய 200 மி.மீ. உயர்ந்த அடிப்பாகமும், முன்செல்லும் கார்களுக்கு மேலாகத் தூரத்தைக் காட்டும் ஆசனமும், வயோதிகப் பெற்றோர் அதிகம் குனியாமல் ஏறி அமரும் சௌகரியமும் தருகின்ற தைரியத்தை நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் அத்தைரியமே அபாயத்துக்கு வித்தாகவும் கூடும். 2022 செப்டம்பர் வெள்ளத்தில் நகரின் கிழக்குப் பகுதிக் குடியிருப்புகளில் விலையுயர்ந்த கார்கள் நீரில் நின்றுவிட, ஜனங்களை ஏற்றிச் சென்றவை டிராக்டர்களே; 2023 மே 21 அன்று கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் தேங்கிய நீரில் வாடகைக் கார் மூழ்கி ஓர் இளம்பெண் உயிரிழந்தார்.

அன்றியும், மல்லேஸ்வரத்துக் குறுக்குத் தெருக்களில், உயர்ந்த பானெட்டுக்கு முன்னால் வந்து நிற்கும் சிறு குழந்தை ஓட்டுபவர் கண்ணில் படுவதில்லை. தாழ்ந்த கார் பெரும்பாலும் காலில் மோதுமென்றால், எஸ்.யூ.வி. இடுப்பிலும் மார்பிலும் மோதும். கனமான வண்டிக்கு எரிபொருளும் அதிகம், நிறுத்த இடமும் அதிகம்.

ஆகவே, பெரிய குடும்பமும் மலைப்பாதைப் பிரயாணமும் உள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம். தனியொருவர் அலுவலகம் சென்றுவர மெட்ரோவே உத்தமம். வாங்கியவர்களுக்கு என் வேண்டுகோள்: தெருக்களில் வேகத்தைக் குறையுங்கள்; ஆழம் தெரியாத நீரில் ஒருபோதும் வண்டியை இறக்காதீர்கள்.