பிரித்த பாக்கெட்

திருப்பூருக்குச் சரக்கு திரும்பி வருவது புதிதல்ல. ஏற்றுமதிக்குத் தைத்ததைப் பையரின் ஆள் வந்து பார்த்து, வேண்டாம் என்று தள்ளிவிட்டுப் போவதை இந்த ஊர் காலங்காலமாகப் பார்த்து வருகிறது. அதற்கு ஒரு கணக்கும் உண்டு. 3,000 பீஸ் உள்ள லாட்டில் ஏ.க்யூ.எல். 2.5 என்ற அளவுகோலின்படி 125 பீஸை உருவிப் பார்ப்பார்கள். பெரிய குறை 7 வரைக்கும் பாஸ். எட்டாவதாக ஒரு ஓட்டையோ எண்ணெய்க் கறையோ கண்ணில் பட்டால் மொத்த லாட்டும் ஃபெயில். மறுபடி செக்கிங் போட்டுத் தேற்றுவார்கள். தேறாதது, ஆர்டர் ரத்தானது, மிஞ்சியது எல்லாம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் காதர்பேட்டைக்குப் போய்ச் சேரும். ஜெர்மனிக்குப் போக வேண்டிய டி-ஷர்ட்டைக் கேரளத்து வியாபாரி கட்டாகக் கட்டிக்கொண்டு போவார். கம்பெனிக்காரருக்கு நஷ்டம்தான், ஆனால் குழப்பம் இல்லை. தள்ளுபடியான சரக்குக்கு ஒரு சந்தை, அதற்கென்று ஒரு விலை, பேரம் பேச நாலு ஆள் என்று எல்லாம் தயாராக இருக்கிறது.

ஒற்றைப் பீஸாகத் திரும்பி வருவதற்குத்தான் இந்த ஊரில் இன்னும் வழி பிறக்கவில்லை.

பாண்டியன் நகர், அனுப்பர்பாளையம், வேலம்பாளையம் பக்கம் மாடி அறைகளில் உட்கார்ந்துகொண்டு ஆன்லைனில் பனியன் விற்கிறவர்கள் இப்போது ஏராளம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். கம்ப்யூட்டர், லேபிள் பிரிண்டர், நாலு ரேக், பேக்கிங்குக்கு இரண்டு பேர். இவ்வளவுதான் கடை. சாயங்காலம் கூரியர் பையன் வந்து புது ஆர்டரை எடுத்துக்கொண்டு ஒரு மூட்டையை இறக்கிவிட்டுப் போவான். அந்த மூட்டையில் இரண்டு சாதி உண்டு. ஒன்று ஆர்.டி.ஓ.: வீட்டில் ஆள் இல்லை, கையில் காசு இல்லை, மனசு மாறிவிட்டது என்று வாங்காமலே விட்டது. கவர் பிரியாமல் வரும். கூரியர் செலவோடு போயிற்று, சரக்கு மறுபடி ரேக்குக்குப் போகும். இன்னொன்று கஸ்டமர் ரிட்டர்ன். வாங்கி, பிரித்து, பார்த்து, சில சமயம் போட்டும் பார்த்துவிட்டுத் திருப்பியது. தலைவலி எல்லாம் இதில்தான்.

எங்களிடம் ரிட்டர்ன் பார்க்கும் அக்கா ஏற்றுமதி கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவர். டியூப்லைட்டுக்குக் கீழே மேசையில் டி-ஷர்ட்டை விரித்ததும் முதலில் கழுத்து ரிப்பைத்தான் பார்ப்பார். தலை நுழைந்து வந்த ரிப் கொஞ்சம் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அது தப்பில்லை, போட்டுப் பார்க்காமல் எப்படித் தெரியும்? அடுத்து உள்பக்கம் திருப்பிக் கழுத்தோரம் பவுடர், அக்குளில் வாசம். கடைசியாக ஓரத் தையல். சிங்கிள் ஜெர்சி துணியை ஒரு தரம் தண்ணீரில் போட்டால் அதன் இயல்பான முறுக்கு வெளியே வந்துவிடும். இடுப்போரமாக நேரே இறங்க வேண்டிய தையல் லேசாக வயிற்றுப்பக்கம் திரும்பியிருக்கும். அயர்ன் போட்டு மடித்து அனுப்பினாலும் அது மறையாது. மேசை விளிம்புக்கு நேராகத் தையலை வைத்துப் பார்த்துவிட்டு அக்கா சொல்வார்: “இது ஒரு தண்ணி பார்த்திருச்சுங்க.” அதற்குமேல் அப்பீல் கிடையாது.

தண்ணீர் பார்த்த துணியைத் திருப்புகிறவர்களில் ரசிகர்கள் தனி ரகம். படம் வெளியாகும் வாரத்தில், கிரிக்கெட் சீசனில், பிரிண்ட் போட்ட டி-ஷர்ட் கட்டுக்கட்டாகப் போகும். மேட்ச் முடிந்த மறுநாள் ‘பிடிக்கவில்லை’ என்று திரும்பி வரத் தொடங்கும். அந்த வாரத்தோடு அதன் மவுசும் தீர்ந்துவிடுவதால், திரும்பி வந்ததை யாரிடம் விற்பது? அவர்கள்மேல் எனக்குக் கோபம்கூட வருவதில்லை. வாடகைக்கு எடுத்ததாக நினைத்துவிட்டார்கள், வாடகைதான் கொடுக்கவில்லை.

உள்ளாடை விஷயம் வேறு. அட்டையிலிருந்து பிரிக்காத ஹாட் வீல்ஸ் காருக்கு ஒரு விலை, பிரித்ததற்கு அதைவிடக் குறைந்த விலை என்று பொம்மைக் கார் சேகரிக்கிறவர்கள் சொல்வார்கள். ஆனால் பிரித்த காரும் கார்தான். ‘பிரித்தது’ என்று எழுதியே விற்கலாம். பிரித்த ஜட்டி பாக்கெட்டை என்னவென்று எழுதி விற்பது? மூன்று அடங்கிய பாக்கெட் திரும்பி வரும்போது இரண்டு மடிப்புக் கலையாமல் இருக்கும், மூன்றாவது மட்டும் நாம் அனுப்பியதே அல்ல. எலாஸ்டிக் அலை அலையாகத் தளர்ந்து, பட்டையில் எழுத்து தேய்ந்து, யாரோ ஒருவர் வருஷக்கணக்கில் உழைத்து ஓய்வு கொடுத்ததாக இருக்கும்.

எங்கள் சரக்கை வாங்கும் ஐரோப்பா இதற்கு ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது. ஆன்லைனில் வாங்கியதை 14 நாளைக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை ஆணை. சுகாதாரம் கருதி சீல் வைத்த பொருள், சீல் உடைந்தால் திருப்ப முடியாது என்பது அதிலேயே உள்ள விலக்கு. ஜெர்மனியில் ஒருவர் 2014-இல் ஆன்லைனில் மெத்தை வாங்கி, மேலே சுற்றிய பிளாஸ்டிக்கைப் பிரித்துவிட்டு, வேண்டாம் என்றார். கடைக்காரர் சீல் உடைந்துவிட்டது என்றார். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 2019 மார்ச்சில் வாங்கியவர் பக்கம் தீர்ப்பானது. மெத்தையைச் சுத்தம் செய்து மறுபடி விற்க முடியும், ஓட்டல் மெத்தையில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்றது நீதிமன்றம். போட்டுப் பார்த்த உடுப்பைத் திருப்புவதையும் இதற்கு ஒப்பாகக் காட்டியது. ஆனால் அதே ஆணையின் முகவுரையில் இன்னொன்றும் இருக்கிறது: உடுப்பை வாங்கியவர் போட்டுப் பார்க்கலாம், போட்டுக்கொண்டு திரியக் கூடாது. தேவைக்கு மேல் கையாண்டு மதிப்பைக் குறைத்தால், குறைந்த மதிப்புக்கு அவர்தான் பொறுப்பு.

நம் சட்டம் இவ்வளவு தூரம் போகவில்லை. 2020 ஜூலை 23 அன்று வந்த மின்வணிக விதிகளின்படி, பொருள் பழுதாக இருந்தாலோ, போலியாக இருந்தாலோ, சொன்னபடி இல்லாவிட்டாலோ, சொன்ன நாளுக்குப் பிந்தி வந்தாலோ விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. மனசு மாறியதற்குத் திருப்பும் உரிமை அதில் இல்லை. அதைக் கொடுப்பது விற்பனைத் தளங்களின் கொள்கை. மீஷோவில் ஒரே பொருளுக்கு இரண்டு விலை வைக்கலாம். எதற்கும் திருப்பலாம் என்றால் ஒரு விலை, தவறாகவோ பழுதாகவோ வந்தால் மட்டும் திருப்பலாம் என்றால் அதைவிடக் குறைந்த விலை. திருப்புவதற்கும் செலவு உண்டு என்பதை வாங்குகிறவருக்கு முன்கூட்டியே காட்டிவிடுகிற இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. குறைந்த விலைக்கு வாங்கிவிட்டு, சைஸ் சேரவில்லை என்றதும் ‘ஓட்டை’ என்று காரணம் போடுகிற புத்திசாலிகள் இதிலும் உண்டு. ஓட்டையைத் தேடிப் பார்த்தால், ஊசி முனையால் புதிதாகக் குத்தியது.

அதனால்தான் எங்கள் தொழிலில் எல்லாரும் வீடியோ எடுக்கிறோம். கவரின் லேபிள் தெரிய ஆரம்பித்து, பிரித்து, உள்ளே இருப்பதை இரண்டு பக்கமும் காட்டும்வரை கேமரா நிற்கக் கூடாது. நடுவில் நின்றால், தளத்திடம் நஷ்டஈடு கேட்டுப் போடும் க்ளைம் தள்ளுபடி. ஒரு தளத்தில் நாங்கள் போட்ட க்ளைமுக்கு, நாங்கள் அனுப்பியதும் திரும்பி வந்ததும் ஒரே பொருள்தான் என்று பதில் வந்தது. ஒன்று நேவி ப்ளூ, இன்னொன்று சாணிப் பச்சை.

இந்த இடத்தில்தான் சபலம் வருகிறது. புது பாலிபேக்கில் போட்டு, ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினால் யாருக்குத் தெரியும் என்று கேட்கிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள், செய்கிறவர்களும் இருக்கிறார்கள். டி-ஷர்ட்டில் எனக்கு அவ்வளவு பிடிவாதம் இல்லை. போட்டு மட்டும் பார்த்தது மறுபடி ரேக்குக்குப் போகலாம், தண்ணீர் பார்த்தது செகண்ட்ஸ் விலைக்குச் செகண்ட்ஸ் என்று சொல்லியே போகலாம். ஜட்டி போகக் கூடாது. சீல் உடைந்த உள்ளாடையை அக்கா கத்தரியால் குறுக்கே வெட்டித்தான் வேஸ்ட் மூட்டையில் போடுவார். வெட்டாமல் போட்டால் வழியில் யாராவது எடுத்து மடித்துவிடுவார்கள். வெட்டியது பனியன் வேஸ்டோடு சேர்ந்து ஏதோ லேத் பட்டறைக்கு எண்ணெய் துடைக்கப் போகும். அந்த நஷ்டத்தை விலையில்தான் ஏற்ற வேண்டும். ஏற்றினால் பக்கத்துக் கடைக்காரர் பத்து ரூபாய் குறைத்து விற்பார். விற்கட்டும்.

கஸ்டமரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. திரும்பி வருவதில் பெரும் பங்கு சைஸ் சேராமல் வருவது, அதற்கு எங்கள் ஆட்களின் சோம்பல் முக்கியக் காரணம். எம் என்றால் 38 என்று போட்டுவிடுவார்கள். 38 என்பது மார்பின் அளவா, டி-ஷர்ட்டின் அளவா? உடம்பு 38 என்றால் உடுப்பு 40 இருந்தால்தான் கை கால் அசைக்க முடியும். பனியன் அளவோ 85, 90 என்று சென்டிமீட்டரில் ஓடும். போதாக்குறைக்கு, போட்டோவில் பொம்மைக்குப் போட்ட டி-ஷர்ட்டை முதுகுப்பக்கம் கிளிப் மாட்டி இறுக்கியிருப்பார்கள். சரியாகக் காம்பாக்டிங் பண்ணாத துணி முதல் துவையலில் நீளம் குறுகும், அதையும் யாரும் எழுதுவதில்லை. ஐரோப்பிய பையருக்கு அரை அங்குலம் கூடக்குறைய இல்லாமல் அளந்து கொடுக்கிற ஊர், மதுரைக்காரருக்கு அளவுப் பட்டியலை எங்கிருந்தோ காப்பி அடித்துப் போடுகிறது.

அதனால் வாங்குகிற உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்களுக்கு நன்றாகப் பொருந்துகிற டி-ஷர்ட் ஒன்றைத் தரையில் சுருக்கம் இல்லாமல் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை இன்ச் டேப்பை வையுங்கள். 20 அங்குலம் வந்தால் உங்கள் உடுப்பின் சுற்றளவு 40. அளவுப் பட்டியலில் இருப்பது உடம்பின் அளவா உடுப்பின் அளவா என்று பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். எழுதாத கடையில் வாங்காதீர்கள். டி-ஷர்ட் சேரவில்லையா, தாராளமாகத் திருப்புங்கள், துவைக்காமல். ஜட்டி பாக்கெட் சீல் உடைந்து வந்தால் உள்ளே எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் போடாதீர்கள். போட்டோ எடுத்து, காரணம் கேட்கும் இடத்தில் ‘பிரித்த பாக்கெட்’ என்று எழுதி அனுப்பிவிடுங்கள்.