அரசி நின்றபடி உறங்கும் மலை

டப்ளினில் மருத்துவம் படிக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தேன். "அப்பா, ஒரு மலை ஏறலாமா?" என்றாள். மறுநாளே ரயில் ஏறினோம். மூன்று மணி நேரத்தில் அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள ஸ்லைகோ நகரம். அங்கிருந்து சற்றுத் தொலைவில் ஸ்ட்ராண்ட்ஹில் என்ற கடலோரச் சிற்றூர். அதற்கு மேலே நிமிர்ந்து நிற்கிறது நாக்நரே மலை.

உயரம் 327 மீட்டர்தான். நம் பினாங்கு மலையில் பாதிகூட இல்லை. ஆனால், கடலோரத்தில் தனியாக எழுந்து நிற்பதால் பெரிதாகத் தெரிகிறது. ஊசியிலை மரங்களுக்கு நடுவே மரப்பலகைப் பாதையில் ஏறினோம். நிதானமாக நடந்தால் ஒரு மணி நேரம் போதும். மழைச்சட்டையும் வழுக்காத காலணியும் கட்டாயம் வேண்டும். வெயிலும் மழையும் மாறி மாறி வரும்.

உச்சியில் பிரமாண்டமான கல்மேடு. சுமார் 55 மீட்டர் அகலம், 10 மீட்டர் உயரம். ஐயாயிரம் ஆண்டுகள் பழைமையானது. உள்ளே கல்லறை இருக்கும் என்பது ஆய்வாளர் கருத்து. இதுவரை யாரும் அகழ்ந்து பார்க்கவில்லை.

ஊர்க்கதை வேறு சொல்கிறது. ஒரு காளைக்காக அல்ஸ்டர் நாட்டின்மேல் படையெடுத்த மேவ் அரசி இங்கேதான் புதைக்கப்பட்டாளாம். படுத்த நிலையில் அல்ல; கையில் ஈட்டியோடு, பகைவர் திசையைப் பார்த்து நின்றபடி! கதையில் வரும் காலத்தைவிட மேடு மிகப் பழையது. அதனால் என்ன? இன்றும் அது மேவின் மேடுதான்.

வடக்கே மேசைபோல் பென்புல்பன் மலை. அதன் அடிவாரத்தில்தான் கவிஞர் யேட்ஸின் கல்லறை. மேற்கே அட்லாண்டிக் பெருங்கடல். மேட்டின்மேல் ஏறினால் இன்னும் நன்றாகத் தெரியுமே என்று ஒரு காலை வைத்துவிட்டேன். மகள் சட்டையைப் பிடித்து இழுத்து அறிவிப்பைக் காட்டினாள். ஏறுவோரின் காலடியில் கற்கள் சரிகின்றனவாம். ஏற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெட்கத்தோடு காலை எடுத்துக்கொண்டேன். ஐயாயிரம் ஆண்டு மழைக்கும் காற்றுக்கும் தாங்கியது, நம் ஒரு படத்துக்காகச் சரியலாமா?

அடிவாரத்திலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்து மேட்டில் சேர்ப்பது பழைய வழக்கம்; இங்கிருந்து கல்லை எடுத்துப் போனால் கேடு வரும் என்பது நம்பிக்கை. இதை மகள் சொன்னபோது என் கை சட்டைப்பைக்குள் போனது. வீட்டு அலமாரிக்காகச் சற்றுமுன் பொறுக்கிய சிறு கல்லை, எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

"அரசிக்குப் பயமா, அப்பா?" என்றாள்.

சிரித்துக்கொண்டே இறங்கினேன்.