பிறவி இதயக் குறையும் பெரியவர்களும்

பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது குழந்தைகள்தான். அந்தக் குழந்தைகள் வளர்ந்த பிறகு என்ன ஆகிறார்கள்?

பிறக்கும் 1000 குழந்தைகளில் 8 முதல் 10 பேருக்கு இப்படி ஏதாவது ஒரு குறை இருக்கிறது. முன்பு கடுமையான குறை உள்ள பலர் பள்ளிக்கூட வயதைத் தாண்டியதில்லை. தமிழகத்தில் 2008-ல் பள்ளிக் குழந்தைகளுக்கான இளம் சிறார் இருதய பாதுகாப்புத் திட்டம் வந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கும் இலவசமாக ஆபரேஷன் நடந்தது. அன்று 10 வயதில் செய்துகொண்டவர் இன்று 25 வயதைத் தாண்டிவிட்டார்.

சிக்கல் இனிமேல்தான். சரிசெய்த இதயம் வேறு, குறையே இல்லாத இதயம் வேறு. உடம்பு நீலம் பாரிக்கும் ஃபாலட் டெட்ராலஜியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் நன்றாக முடிந்தாலும், நுரையீரலுக்குப் போகும் வழியில் உள்ள வால்வு பல ஆண்டுகள் கசிந்து, வலது கீழறை வீங்கி, துடிப்பு தாறுமாறாகலாம். வெளியே ஒன்றும் தெரியாது. எக்கோ, எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெரியும். நேரத்தோடு பார்த்தால் வால்வை மாற்றிவிடலாம்.

ஆனால் யார் போகிறார்கள்? 2013-ல் வந்த மத்திய அரசின் குழந்தைகள் பரிசோதனைத் திட்டம் 18 வயதோடு முடிகிறது. பள்ளிக்கே தேடி வந்த டாக்டர்கள் தறி வீட்டுக்கு வருவதில்லை. காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்திலிருந்து சென்னை சுமார் 75 கி.மீ. போய்வந்தால் ஒரு நாள் வேலை போச்சு. கூலியோ புடவைக் கணக்கில். கோர்வைப் புடவை என்றால் தறியில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் போனால் மற்றவர் கையும் சும்மா இருக்கும். உடம்பு நன்றாக இருக்கும்போது அதற்கு யாருக்கு மனசு வரும்?

பெண்களுக்கு இன்னொரு கஷ்டம். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று ஆபரேஷன் காகிதங்களை ஒளித்து வைப்பார்கள். கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் அளவு கிட்டத்தட்ட பாதி கூடுகிறது. முன்கூட்டியே பரிசோதித்தால் பலரும் பத்திரமாகப் பிள்ளை பெறலாம். ஆனால் நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் மிக அதிகமாக இருந்தால் தாயின் உயிருக்கே ஆபத்து. பிரசவம் பார்க்கும் டாக்டருக்கே விஷயம் தெரியாவிட்டால் எப்படி?

லண்டனில் ஜேன் சோமர்வில் என்ற இதய மருத்துவர் 1970களிலேயே இப்படி வளர்ந்தவர்களுக்குத் தனிப் பிரிவு வேண்டும் என்று போராடினார். இங்கே தனிப் பிரிவுகள் மிகக் குறைவு.

எனவே நெஞ்சில் தழும்பு உள்ள நண்பர் இருந்தால் ஒன்று மட்டும் கேளுங்கள்: "கடைசியாக எப்போது எக்கோ எடுத்தாய்?" பழைய டிஸ்சார்ஜ் காகிதத்தைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். என்ன குறை, என்ன செய்தார்கள் என்பது அதில்தான் இருக்கிறது.