சூலக்கரையின் அடுப்படிகள்

விருதுநகரிலிருந்து சாத்தூர் நோக்கித் தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில், நகரின் ஆரவாரம் ஓயும் இடத்தில் சூலக்கரை வருகிறது. தொழிற்பேட்டையின் தகரக் கூரைகளைத் தாண்டினால் கரிசல் நிலம்; ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லி மீட்டர் மழையை நம்பிக் கிடக்கும் மானாவாரி மண்.

துவரை, உளுந்து, பாசிப்பயறு, மல்லி, வற்றல், நல்லெண்ணெய் ஆகியவற்றிற்கு விருதுநகர்ச் சந்தை வைக்கும் விலையைத் தமிழகமே உற்று நோக்கும். அச்சந்தைக்கு இவ்வளவு அருகில் வாழும் கூலிக் குடும்பத்தின் சட்டியில் இருப்பதோ சோறும் புளிக்குழம்பும், சில நாள் கத்தரிக்காயும். ஞாயிறன்று கோழிக்கறியோ மீனோ உண்டு. வாற்கோதுமை அப்பம் ஐந்தும் மீன் இரண்டும் வைத்திருந்த நற்செய்திச் சிறுவனின் கூடை நினைவுக்கு வருகிறது. அதுவும் ஏழைகளின் உணவே.

ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் பெண்களுக்கென ஓர் அளவுகோல் வகுத்துள்ளது. உணவை 10 வகையாகப் பிரித்து, ஒரு நாளில் 5 வகையேனும் உண்டாளா எனக் கேட்கிறது. இங்கே எண்ணிப் பார்த்தேன். சோறு ஒன்று, பருப்பு இரண்டு, காய் மூன்று. தேநீரில் விடும் சிறிது பால் கணக்கில் சேராது. கீரை, முட்டை, பழம் ஆகியவை எல்லா நாளும் வருவதில்லை.

இதற்கு அறியாமையே காரணம் என்பது நகரத்தார் வழக்கமாகச் சொல்வது. நான் அதை ஏற்கவில்லை. இவ்வூர் முதிய தாய்மார் கம்பு, சோளக் காட்டின் ஊடுபயிராகத் துவரையும் தட்டைப்பயறும் மொச்சையும் விளைந்த காலத்தை அறிவார்கள். களையெடுத்துத் திரும்புகையில் மடியில் பண்ணைக்கீரை வரும், அதற்கு விலையில்லை. இன்றோ கோழித் தீவனத்திற்குச் செல்லும் மக்காச்சோளம் அக்காடுகளில் பரந்து நிற்கிறது. இம்மாவட்டத்தில் விளையும் குதிரைவாலி, தீட்டப்பெற்றுப் பொட்டலத்தில் திரும்பும்போது கூலிக்காரர் கைக்கு எட்டுவதில்லை.

2011 சூன் முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. பட்டினியை விரட்டிய அவ்வரிசியைக் குறை கூறுவது நன்றிகேடு. ஆனால் அங்கே 30 ரூபாய்க்குத் தரும் துவரம்பருப்பு மாதம் ஒரு கிலோ. நால்வர் உள்ள வீட்டில் பங்கிட்டால் ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராம் தேறும்.

பட்டாசு ஆலைக்குச் செல்லும் பெண் விடியுமுன் உலை வைக்கிறாள். ஒரே குழம்பு இரு வேளைக்கும் ஆக வேண்டும்; கீரை ஆய அவளுக்குப் பொழுதேது? கூலி வாரக் கடைசியில். இடைநாள்களில் பெட்டிக்கடை கடனுக்கு எண்ணெய் தரும், தேயிலை தரும், கொய்யாப்பழம் தராது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்குத் தடை விதித்தபின் ஆலைகள் சில மாதம் மூடிக் கிடந்தன. அத்தகைய நாளில் சோறு நிற்பதில்லை; பாலும் முட்டையுமே முதலில் நிற்கின்றன.

பிள்ளைகள் நிலை சற்று மேல். விருதுநகர் ஈன்ற காமராசர் 1956-இல் மதிய உணவைத் தொடங்கினார், எம்.ஜி.ஆர். 1982-இல் அதைச் சத்துணவாக விரித்தார். பின்னர் முட்டை வந்தது. 2022-இல் காலை உணவும் வந்தது. 2024 முதல் ஊர்ப்புறத்து அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும், அதாவது நம் திருச்சபைப் பள்ளிகள் பலவற்றுக்கும், அக்காலை உணவு கிடைக்கிறது. ஆதலால் வீட்டில் பலவகை உண்பது பள்ளி செல்லும் பிள்ளை. கடைசியில் உட்கார்ந்து மிகக் குறைந்த வகை உண்பவள் தாய். அவளுக்கென முட்டை வைக்க எந்தத் திட்டமும் அவ்வீட்டுக்குள் நுழைவதில்லை.

ஒரு வீட்டுப் புறக்கடையில், பாத்திரம் கழுவிய நீர் விழும் இடத்தில், சிறுகீரைப் பாத்தி தழைத்திருந்தது. ஆலைப் பேருந்து வருமுன் இதைப் பறித்து ஆய்வது யார் என்று வினவினேன். "என் வீட்டுக்காரர்தான்" என்றார் அவ்வம்மையார். அண்டை வீட்டுப் பெண்கள் வாய்விட்டுச் சிரித்தனர். அவர் சிரிக்கவில்லை.