ஊதியமில்லா அவையில் தலைமை

ஊதியம் பெறுவோனிடத்துக் கட்டளை செல்லும். தன் ஓய்வு நேரத்தை ஊதியமின்றி ஈவோனிடத்து அது செல்லாது. தன்னார்வ மென்பொருளாக்கத்திலே தலைமை பற்றி எழும் சிக்கல்களுக்கெல்லாம் இதுவே வேர். மனம் ஒவ்வாதவன் விலகிப் போகலாம். மூலநிரல் யாவர்க்கும் பொதுவாகையால் அதன் படியொன்றை எடுத்துச்சென்று தனிக்குடித்தனம் நடத்தவுஞ் செய்யலாம். எனவே, இங்கு தலைவனது அதிகாரம் மற்றையோர் பொறுத்துக்கொள்ளும் வரையே நிற்பதாகும்.

பைதன் என்னும் கணனி மொழியின் வரலாறு இதற்குத் தக்க சான்று. ஒல்லாந்தரான கைடோ வான் ரொசம் 1989 டிசெம்பரில் இதனை ஆக்கத் தொடங்கி, 1991 இல் வெளியிட்டார். உடன்பணியாளர் அவரை 'ஆயுட்காலக் கருணைமிகு சர்வாதிகாரி' என விளையாட்டாக அழைத்தனர். பட்டம் நகைச்சுவையே; அதிகாரம் நகைச்சுவையன்று. மாற்றம் வேண்டுவோர் முன்மொழிவை எழுத்தில் வைப்பர், பலரும் வாதிடுவர், முடிந்த முடிபு கூறும் உரிமை அவரிடத்தே இருந்தது.

2018 இல் 572 ஆம் இலக்க முன்மொழிவு வந்தது. கோவையொன்றின் உள்ளேயே மாறிக்குப் பெறுமானம் வழங்க முக்காற்புள்ளியும் சமக்குறியும் சேர்ந்த அடையாளம் ஒன்றை ஏற்பதா என்பதே வினா. அயலார் கண்ணுக்கு இஃது அற்பம். ஆயினும் தாம் நாடோறும் புழங்கும் மொழியின் எளிமை கெடுகின்றதெனப் பலர் கொதித்தெழுந்தனர். (இலக்கணச் சண்டை கண்ட தமிழருக்கு இது புதுமையன்று.) வான் ரொசம் அதனை ஏற்றார், ஏற்ற சில நாள்களில், யூலை 12 அன்று, தலைமையைத் துறந்தார். இத்துணைப்பேர் தம் முடிவை வெறுக்க, ஒரு முன்மொழிவுக்காக இவ்வளவு கடுமையாகப் போராட இனி விருப்பில்லை என்பது அவர் கூறிய காரணம். வாரிசையும் அவர் நியமிக்கவில்லை. பதவி துறந்ததினும் இதுவே துணிகரமான செயல்.

அரசனற்ற அம்மாதங்களில் ஏழு ஆட்சித் திட்டங்கள் எழுந்தன. மீண்டும் தனித்தலைவரே வேண்டும் என்றது ஒன்று. தலைவரும் வேண்டாம், அவையும் வேண்டாம் என்றது இன்னொன்று. டிசெம்பர் வாக்கெடுப்பில் ஐவர் அவை முறை வென்றது. ஒரே நிறுவனத்தில் தொழில்புரிவோர் இருவருக்கு மேல் அதில் இருத்தலாகாது என விதித்தனர். தொண்டர் பலர் பெருநிறுவனங்களிற் சம்பளம் பெறுவோராகையால், பின்வாசலால் நுழையக்கூடிய எசமானனை அறிந்து அடைத்த விதி இது. அவை தன் அதிகாரத்தை இயன்றளவு குறைவாகவே பயன்படுத்தல் வேண்டும் எனவும் எழுதி வைத்தனர். 2019 இன் முதல் அவையில் வான் ரொசமும் ஒருவராகத் தெரிவானார். அடுத்த தேர்தலினின்றும் தாமாகவே விலகிக்கொண்டார்.

டெபியன் தொண்டர்களோ 1998 இலேயே யாப்பு வகுத்து, ஆண்டுதோறும் தலைவரைத் தெரிந்து வருகின்றனர். யாப்பிருந்தும் பூசல் ஒழியவில்லை. கணனி தொடங்கும்போது ஏனைய சேவைகளை எம்முறையால் எழுப்புவது என்ற வழக்கில், 2014 இல், தொழினுட்பக் குழுவினர் எண்மரும் சரிபாதியாகப் பிரிந்தனர். தவிசாளரின் தீர்ப்பு வாக்கே முடிவாயிற்று. அதனை ஏலாத சிலர் அவ்வாண்டிலேயே பிரிந்து, டெவுவான் என்னும் பெயரில் வேறொரு தொகுதியை அறிவித்தனர். இரண்டும் இன்றும் வழங்குகின்றன.